கூளிகளின் அரசும் கூழின் கணக்கும்

காஞ்சியிலிருந்து கலிங்கத்துக்குப் புறப்பட்ட சோழப்படை கடந்த ஆறுகளைச் சோழ அரசவைப் புலவர் செயங்கொண்டார் தம் கலிங்கத்துப்பரணியில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முதலில் பாலாறு, அடுத்துக் குசைத்தலை, அதற்கப்பால் பொன்முகரி. பிறகு வடபெண்ணை, கோதாவரி என்று பட்டியல் வடக்கே நீள்கிறது. குசைத்தலைதான் இன்று நாம் கொசத்தலையாறு என்று சொல்வது. பொன்முகரி, காளத்தியை நனைத்துப் போகும் சுவர்ணமுகி. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னோர் ஆறு இருக்கிறது. பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வந்து ஆரணியைத் தொட்டுப் பழவேற்காட்டு ஏரிக்குப் போகும் ஆரணியாறு. அந்தப் பெயர் பரணியில் இல்லை. ஆனால் குசைத்தலையைத் தாண்டிப் பொன்முகரியை அடைய வேண்டிய படை, இந்த மணலில் கால் வைக்காமல் போயிருக்க முடியாது.

படை போன திசையில் இன்று சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை போகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர்கள் அதே வழியில் எதிர்த்திசையில் வந்து இறங்குகிறார்கள். ஆரணிப் பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வரும். அதில் வரும் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானோ, தோற்றோடிய கலிங்க வேந்தனோ அல்ல. காட்டில் பசியோடு காத்துக்கிடந்து, படை போன செய்தி கேட்டுக் கூத்தாடிய பேய்கள்தான் நினைவுக்கு வரும்.

கற்பனையில் ஒரு பேயரசை முழுமையாகக் கட்டியெழுப்பிய தமிழ் நூல் எது என்று கேட்டால், ஏறத்தாழ 600 தாழிசைகள் கொண்ட இந்த நூலைத்தான் சொல்வேன். அந்த அரசுக்கு நிலம் உண்டு, தலைநகர் உண்டு, அரசி உண்டு. குடிகளுக்குள் பிரிவுகள் உண்டு. நாட்டை விட்டு ஓடித் திரும்பிவந்தவர் உண்டு, மனு கொடுக்கும் முறை உண்டு. சமையலும் பந்தியும் உண்டு. இவ்வளவையும் ஒரு சோழ அரசவைப் புலவர் ஏன் படைத்தார், எதை வைத்துப் படைத்தார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வரலாற்றுப் பின்னணி சுருக்கமானது. முதற்குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறினான். தந்தை கீழைச்சாளுக்கிய இராசராச நரேந்திரன், தாய் முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவி. கலிங்கத்தை அப்போது ஆண்டவன் அனந்தவர்மன் சோடகங்கன், பூரி செகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவன். அவன் தாயும் ஒரு சோழ இளவரசியே. திறை வரவில்லை என்பது போருக்குச் சொல்லப்பட்ட காரணம். 1110க்கும் 1112க்கும் இடைப்பட்ட காலத்தில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை போனது, வென்றது, கலிங்க மன்னன் ஓடி ஒளிந்தான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரலாற்றறிஞர்கள் இந்த நூலைத் தேடிப்பிடித்துப் படித்தார்கள். 1890இல் வி. கனகசபை இதன் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றிலும் இது சான்றாக இடம்பெற்றது. அரசபரம்பரை, போர், ஆற்றுப் பட்டியல் ஆகியவற்றை வரலாறு எடுத்துக்கொண்டது. பேய்களைக் கவிதைக்கு விட்டுவிட்டது. பலாப்பழத்தில் சுளையை எடுத்துக்கொண்டு சடையை ஒதுக்குவதுபோல ஒதுக்கியாயிற்று. ஆனால் நூலைத் திறந்து பார்த்தால் நடப்பது வேறு. அரசபரம்பரையைச் சொல்வது ஒரு பேய். போரைச் சொல்வது இன்னொரு பேய். இரண்டையும் கேட்பவள் காளி. மனிதர் ஒருவரும் அந்த வரலாற்றைச் சொல்லவில்லை. பேய்களை நீக்கினால் வரலாற்றைச் சொல்ல நாக்கே இருக்காது.

அந்த அரசின் நிலத்தை முதலில் பார்ப்போம். அது பாலை. மரங்கள் கரிந்து நிற்கின்றன, தரை வெடித்துக் கிடக்கிறது. வெயில் தன்னையும் தின்றுவிடுமோ என்று நிழல்கூட அங்கே நிற்க அஞ்சி ஓடிவிட்டது என்கிறார் புலவர். அதன் நடுவில் காளியின் கோயில். வெட்டுண்ட தலைகளும் கொழுப்பும் குருதியுமே கட்டுமானப் பொருள்கள். அரசியின் படுக்கை ஐந்தடுக்குப் பிணமெத்தை. அரண்மனையில் பஞ்சணை அடுக்குவது எப்படியோ அப்படியே இங்கே பிணம் அடுக்கப்படுகிறது. சோழ அரண்மனையை நன்றாகத் தெரிந்த ஒருவர், அதை அறை அறையாகப் பேய்மொழியில் பெயர்த்திருக்கிறார்.

குடிகள் யார்? தமிழில் பேய்க்குப் பெயர் பல. கூளி, கழுது, அலகை, பூதம் எல்லாம் ஒன்றல்ல. பூதம் பருத்தது, குட்டையானது, காவல் காப்பது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் ஓர் அரசு அலுவலர்போலவே நிற்கிறது. பொய்த்தவம் செய்வோர், பொய்ச்சாட்சி சொல்வோர், அறம் தவறிய அமைச்சர், புறங்கூறுவோர் என்று குற்றவாளிகளைப் பாசக்கயிற்றால் கட்டி அடித்து உண்ணும். கயிற்றை எடுக்கும் முன் அதன் குரல் நான்கு காதம் கேட்கும். அது நகரத்தின் பூதம், வயிறு நிறைந்த பூதம். பரணியின் பேய் அப்படியல்ல. அது பனைபோல் நெடியது, எலும்பாய் வற்றியது, வயிறு முதுகோடு ஒட்டியது. காவல் உரிமையோ தண்டிக்கும் அதிகாரமோ அதற்கில்லை. அது வாளெடுத்துப் போரிடுவதும் இல்லை. 1937இல் வந்த டோல்கீனின் 'ஹாபிட்' கதையில் மலைக்குகைகளில் வாழும் குட்டிச்சாத்தான் கூட்டம் ஆயுதம் செய்யும், படை திரட்டும், நாயகர்களை வேட்டையாடும். பகைவராக இருப்பதற்காகவே படைக்கப்பட்ட இனம் அது. செயங்கொண்டாரின் கூளிகள் யாருக்கும் பகைவரல்லர். கொல்பவர்கள் மனிதர்களே. கூளிகள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குடிகளில் முடம், குருடு, ஊமை, செவிடு, குறள், கூன் எனப் பல வகை. படிக்கிறவர் இதை விகாரங்களின் வேடிக்கை அணிவகுப்பு என்று கடந்து போகக்கூடும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் கடந்து போனேன். ஆனால் புலவர் ஒவ்வோர் ஊனத்துக்கும் காரணம் சொல்கிறார். ஒரு பேயின் கண் எப்படிப் போனது? குலோத்துங்கன் இளமையில் வென்ற சக்கரக்கோட்டத்துப் போர்க்களத்தில் கூழ் காய்ச்சினார்கள். கொதித்த கூழ் தெறித்துக் கண் போயிற்று. சக்கரக்கோட்டப் போர் சோழர் மெய்க்கீர்த்திகளில் வெற்றியாகப் பதிவாகியிருக்கிறது. அதே போர் பேயரசில் ஒரு குருட்டுக் கண்ணாகப் பதிவாகியிருக்கிறது. அரசர்கள் கல்லில் எழுதிய நிகழ்ச்சிக்குக் கூளியின் உடம்பும் ஒரு கல்வெட்டு. இவ்வளவு துல்லியமாக ஒரு கற்பனை இனத்துக்கு வரலாறு எழுதிய வேறொரு புலவரை நான் படித்ததில்லை.

அடுத்து வருவது நாட்டை விட்டு ஓடிய பேயின் கதை. முன்னொரு காலத்தில் காளியின் சினத்துக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிய கிழப்பேய் ஒன்று, அங்கே மாயவித்தை கற்றுக்கொண்டு திரும்புகிறது. அரசியின் முன் இந்திரசாலம் காட்டுகிறது. கண்ணெதிரே ஒரு போர்க்களம் விரிகிறது. குருதி ஆறாய் ஓடுகிறது, யானைகள் மலைகளாய்ச் சரிந்து கிடக்கின்றன. பசித்த பேய்கள் பாய்கின்றன. அள்ளிய கை வெறுங்கையாக வருகிறது. வாய்வைத்த இடத்தில் வெறும் தரை. போதும், நிறுத்து என்று அவை கெஞ்சுகின்றன. பசித்தவர் முன் உணவின் உருவத்தை மட்டும் காட்டுவதைவிடப் பெரிய கொடுமை என்ன இருக்கிறது? நகைச்சுவை என்று பாடநூல்கள் குறிப்பிடும் இந்தப் பகுதியை நான் சிரித்துக்கொண்டு படித்ததில்லை. டேவிட் ஷுல்மன் 1985இல் வந்த தம் நூலில், தென்னிந்திய அரசமரபின் கோமாளித்தனத்தோடு சேர்த்துப் பரணியின் சிரிப்பை ஆராய்ந்திருக்கிறார். சிரிப்பு இருப்பது உண்மைதான். அந்தச் சிரிப்புக்கு அடியில் காலி வயிறு இருக்கிறது என்பதே என் வாசிப்பு.

அந்த இமயப்பேய்தான் சோழர் பரம்பரையைச் சொல்கிறது. நாரதர் சொல்லக் கேட்டுக் கரிகாலன் இமயத்தில் பொறித்து வைத்த குலவரலாற்றைத் தான் படித்துவந்ததாகக் கூறுகிறது. திருமாலில் தொடங்கிக் கதிரவன், மனு, சிபி என்று இறங்கி, காவிரிக்குக் கரைகட்டிய கரிகாலனைத் தொட்டு, கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திரனையும் கடந்து வருகிறது. அரசவையில் புலவர் படிக்க வேண்டியதைக் காட்டில் கூளி படிக்கிறது.

இந்த இடத்தில்தான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரனாகிய எனக்கு மனம் திருவாலங்காட்டுக்குப் போகிறது. 1905இல் அங்கே 31 செப்பேடுகள் கிடைத்தன. முதல் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையளித்ததைச் சொல்லும் ஏடுகள். சோழர் குலவரிசையைக் கதிரவனிலிருந்து தொடங்கி விரிவாகச் சொல்பவற்றுள் இவை முக்கியமானவை. அந்த வரிசை பொறித்த செம்பு போய்ச் சேர்ந்த இடம் எது? சுடுகாட்டில் சிவன் ஆடிய தலம். காளி அவனோடு ஆடிப் போட்டியில் தோற்ற தலம். பேய்கள் சூழ்ந்த ஆலங்காடு. சோழர் பரம்பரை செம்பிலும் செய்யுளிலும் பேய்க்காட்டை நோக்கியே போயிருக்கிறது. செயங்கொண்டார் இதை அறிந்து செய்தார் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் தொண்டை நாட்டில் ஓர் அரசகுலத்தின் கதையைப் பேய் சொன்னால், கேட்பவர் காதுக்கு அது அந்நியமாக ஒலித்திருக்காது.

ஏனென்றால் இந்தப் பக்கத்துக்குப் பேய் ஓர் ஆசிரியர் பெயர். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். வணிகர் மனைவியாக இருந்தவர் தசையை உதறி எலும்புருவம் வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலை போய், அங்கிருந்து ஆலங்காட்டுக்கு அனுப்பப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தேவார மூவருக்கும் முற்பட்டவர். பதிகம் என்ற வடிவத்துக்கு முதல்வரும் அவரே என்பதால் அவருடைய இரண்டு பதிகங்களுக்கும் மூத்த திருப்பதிகம் என்று பெயர். அவற்றில் சுடுகாடு வெளியிலிருந்து பார்த்து நடுங்கும் காட்சியாக இல்லை. அது ஒரு குடியிருப்பு. கள்ளியும் சூரையும் அதன் தெருக்கள். நரியும் ஆந்தையும் அண்டைவீட்டார். அங்கே ஒரு பேய்த்தாய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறாள், சீராக வளர்க்கிறாள், மேலே ஒட்டிய புழுதியைத் துடைக்கிறாள், பால் கொடுக்கிறாள், எங்கோ போய்விடுகிறாள். தாய் வருவாள் என்று பார்த்துப் பார்த்து அந்தப் பிள்ளை அழுதே உறங்கிப்போகிறது. அதே காட்டில்தான் இறைவன் ஆடுகிறான்.

அந்தப் புழுதி துடைக்கும் கையை நான் மறந்ததே இல்லை. பேய்க்கு அரசு அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மையார் அதற்கு ஒரு வீடு அமைத்துக் கொடுத்திருந்தார். பேயும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும், இரை தேடிப் போகும், திரும்ப நேரமாகும் என்று சொன்னபிறகே அந்த இனத்துக்கு வரலாறு எழுதுவது சாத்தியமானது.

பழையனூருக்கு இன்னொரு பேயும் உண்டு. நீலி. கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறப்பிலும் அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று பழையனூர் வேளாளர் அவையில் முறையிடுகிறாள். வணிகன் அஞ்சி மறுக்கிறான். அவன் உயிருக்குக் கேடு வந்தால் நாங்கள் 70 பேரும் உயிர் கொடுக்கிறோம் என்று வேளாளர்கள் வாக்களித்து, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் இறந்து கிடக்கிறான். 70 பேரும் தீப்பாய்கிறார்கள். சம்பந்தரின் ஆலங்காட்டுத் தேவாரத்திலேயே இந்தக் கதையின் சுவடு இருக்கிறது. வேளாளரின் வாக்குத் தவறாமைக்குச் சான்றாக இது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பேய் அவைக்கு வந்தாள் என்பது. பழிவாங்க வேண்டுமானால் காட்டிலேயே முடித்திருக்கலாம். அவள் ஊர்ச்சபையின் முன் நின்று வழக்குரைத்தாள். பேயின் கதை என்பது நீதி கேட்டு நிற்கும் ஒருத்தியின் கதையாக இந்த மண்ணில் சொல்லப்பட்டது. இராசேந்திரன் கோயிலுக்குக் கொடுத்த அதே பழையனூர் இது.

பேய்க்கு மொழியும் இருந்தது என்று இந்திய மரபு நம்பியது. குணாட்டியர் பெருங்கதையைப் பைசாச மொழியில் எழுதினார், அரசவை அதை மதிக்கவில்லை, மனம் நொந்து ஏடு ஏடாகப் படித்துத் தீயிலிட்டார், விலங்குகள் இரைமறந்து சுற்றி நின்று கேட்டன என்பது மரபுக்கதை. எரியாமல் தப்பிய பகுதியிலிருந்து கிளைத்த உதயணன் கதையைத்தான் கொங்குவேளிர் தமிழில் பெருங்கதையாகத் தந்தார். அரசவை தள்ளிய கதையைப் பேய்மொழி காப்பாற்றியது என்ற அந்த எண்ணமும், கூளிகளின் வாயில் அரசபரம்பரையை வைத்த எண்ணமும் எங்கோ ஓரிடத்தில் கைகோக்கின்றன. இதற்குமேல் அதை இழுத்தால் அறுந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

பரணியின் உள்நாட்டு அரசியலுக்கு வருவோம். இமயப்பேய் பரம்பரை சொல்லி முடித்ததும் குடிகள் எழுந்து அரசியிடம் முறையிடுகின்றன. பேய் முறைப்பாடு என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். பசி தாங்க முடியவில்லை, உன்னையன்றி எங்களுக்கு யார் என்பது அதன் சாரம். ஏன் இந்தப் பஞ்சம்? போர் இல்லை. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயரெடுத்தவன். அவன் குடை நிழலில் உலகம் அமைதியாக இருக்கிறது என்று பாடுவது அரசவைப் புலவரின் கடமை. அந்த அமைதியின் மறுபக்கத்தில் செயங்கொண்டார் ஒரு பஞ்சத்தை வைத்தார். மனிதருக்கு நல்லாட்சி, கூளிகளுக்குப் பட்டினி. கணிதப்பேய் கனவுகளையும் நிமித்தங்களையும் கணித்துச் சொல்கிறது, கலிங்கத்தில் தீய குறிகள் தென்பட்டதாக இமயப்பேயும் சொல்கிறது. மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும் குடியானவரைப்போலக் கூளிகள் போர் வருமா என்று வடக்கே பார்க்கின்றன. கலிங்கத்திலிருந்து ஓடிவந்த பேய் போர்ச்செய்தி சொன்னதும் அவை ஆடும் ஆட்டம், முதல்மழைக்கு ஊர் ஆடும் ஆட்டம்.

வள்ளுவர் அரசனுக்கு ஆறு உறுப்புகள் சொல்கிறார். படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண். இதில் கூழ் என்பதற்கு உணவும் பொருளும் சேர்ந்த வளம் என்று உரையாசிரியர்கள் பொருள் விரிப்பார்கள். இந்த அளவுகோலைப் பேயரசின்மேல் வைத்துப் பார்த்தேன். படை இல்லை. பகையே இல்லாததால் அரண் தேவையில்லை. நட்பு நாடுகள் இல்லை. அமைச்சு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கணிதப்பேயைத் தவிர. மிஞ்சுவது குடியும் கூழும். ஓர் அரசிலிருந்து எல்லாவற்றையும் உரித்துப்போட்டபின் கடைசியில் நிற்பவை இவ்விரண்டும்தான். செயங்கொண்டாரின் கற்பனை இங்கேதான் அரண்மனைப் படியை விட்டு இறங்கி ஊருக்குள் வருகிறது.

களத்தில் சமையல் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். போர் முடிந்த கலிங்கக் களத்தைக் காளி சுற்றிப் பார்த்துவிட்டுக் கூழ் அடச் சொல்கிறாள். பேய்கள் முதலில் செய்வது பல் துலக்குவது. யானைத் தந்தம் பல்குச்சி, விலா எலும்பு நாக்குவழிக்கும் குச்சி. பிறகு எண்ணெய் முழுக்கு, குருதி மடுவில் குளியல், நகை அணிதல். பொங்கலன்று ஒரு வீட்டில் விடியற்காலையில் நடக்கும் அத்தனையும் வரிசை தவறாமல் நடக்கின்றன. அதன்பின் உரல், உலக்கை. முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது. மாண்ட வீரரின் பற்கள் அரிசி, அதுவும் பழவரிசி. கேடயம் சுளகு, அதில் தவிடு போகப் புடைக்க வேண்டும். அம்பறாத்தூணி நாழி. தூணி என்பது அம்புக்கூட்டுக்கும் பெயர், தானிய அளவுக்கும் பெயர் என்பதால் அந்தச் சொல்லே போரிலிருந்து அடுப்படிக்கு நடந்துபோகிறது. குதிரைப்பல் பூண்டு. நகம் உப்பு. மூளை தயிர்.

இத்தனை உவமையிலும் விருந்து எங்கே என்று தேடிப் பாருங்கள். அரண்மனை மடைப்பள்ளி இல்லை. பலகாரம் இல்லை, வறுவல் இல்லை, பாலும் நெய்யும் ஓடும் வேள்விச்சாலை இல்லை. உரலும் சுளகும் நாழியும் கூழும்தான். அரசனின் புகழைப் பாட வந்தவர், அந்தப் புகழை உரலில் போட்டுக் குத்தும் பெண்களின் வாயில் வைக்கிறார். பேய்கள் பற்களைக் குத்தும்போது சோழனைப் பாடி வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. உலக்கை ஏறி இறங்கும் தாளத்துக்குப் பாடும் பாட்டு அது. இந்தப் பண்பாடு அவர் அவையில் பார்த்ததல்ல, ஊரில் பார்த்தது. பேயரசின் மேல்தோல் சோழ அரண்மனை, உள்ளே ஓடும் உயிர் காளி கோயில் முற்றத்தில் கூழ் காய்ச்சும் குடியானவப் பெண்களுடையது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

களத்தில் பிணங்களைக் கொண்டு உணவு சமைப்பது செயங்கொண்டாருக்கு முன்பே தமிழில் இருந்தது. புறப்பொருள் இலக்கணம் வாகைத்திணையில் களவேள்வியைச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் பேய்மகள் துணங்கை ஆடுகிறாள், தலைகள் அடுப்பாகின்றன. ஆனால் அங்கே அது வேள்வி, வென்ற அரசன் நடத்துவது. பரணியில் அது சமையல், பசித்தவர் நடத்துவது. பரணி என்ற விண்மீனுக்குத் திவாகர நிகண்டு தரும் பெயர்களைப் பாருங்கள். பூதம், அடுப்பு, தாழி, பெருஞ்சோறு. பூதமும் அடுப்பும் பானையும் சோறும் ஒரே விண்மீனின் பெயர்கள். அந்த நாளில் காளிக்குக் கூழிடும் வழக்கம் முதலில் இருந்திருக்க வேண்டும், ஆயிரம் யானை கொன்ற வீரனைப் பாடும் இலக்கியம் அதன்மேல் ஏறியிருக்க வேண்டும் என்றே இந்தப் பெயர்கள் என்னை நினைக்க வைக்கின்றன. பின்னால் ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணியில் தக்கனின் வேள்விக்களத்தைப் போர்க்களமாக்கினார். அறிவும் கேள்வியும் நிறைந்த நூல் அது. ஆனால் அடுப்புச்சூடு செயங்கொண்டாரிடம்தான் எனக்கு முகத்தில் படுகிறது.

கூழ் வார்க்கும் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓர் அரசின் பண்பாட்டை அதன் பந்தியில்தான் அறியலாம். யாருக்கு, எந்த வரிசையில், எப்படிப் பரிமாறுவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. சமணப்பேய் ஒருபொழுது உண்பது, உயிர்க்கொலை அஞ்சுவது. அதற்கு மயிர் கிடக்காமல் வடித்து வார்க்கச் சொல்கிறார்கள். புத்தப்பேய்க்கு மூளைக்கஞ்சி. பார்ப்பனப்பேய்க்கும் வார்ப்பு உண்டு. குருட்டுப்பேய்க்குக் கையறிந்து கொடுக்க வேண்டும். ஊமைப்பேய் சைகையால் கேட்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கருவுற்ற பேயை மறக்கக் கூடாது. கணக்குப்பேய்க்கு மனம் மகிழ வார்க்க வேண்டும். ஓட்டைக்கலத்தோடு வந்த ஒரு பேதைப்பேய், கூழ் அடியில் ஒழுகுவதைக் கண்டு கலத்தைக் கவிழ்த்துப் பார்த்து, இருந்ததையும் கொட்டிவிட்டுத் திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் வாருங்கள் என்கிறது பாட்டு.

சமயப் பிரிவுகளைக் கிண்டல் செய்கிறார் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. கிண்டல் இருக்கிறது. ஆனாலும் ஒரு பேயும் பந்தியிலிருந்து எழுப்பப்படவில்லை. நோன்புள்ளவருக்கு நோன்பு கெடாமல், கண் இல்லாதவருக்குக் கை தெரிந்து, சிந்தியவருக்கு மறுபடியும். 12ஆம் நூற்றாண்டின் மனித ஊர்களில் இத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்களா? மாட்டார்கள். உலகத்தில் இல்லாத அந்தப் பந்தியைப் புலவர் கற்பனை அரசில்தான் போட முடிந்தது. அது பிணக்கூழ்ப் பந்தி என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஓர் ஆட்சி போருக்குப் போனால் என்ன மிஞ்சும் என்பதைப் பற்களும் நகமும் மூளையுமாக எண்ணி எண்ணி நாழியால் அளந்து காட்டுகிறார். வெற்றிப்பாட்டின் உள்ளே இப்படி ஓர் எண்ணிக்கை உட்கார்ந்திருக்கிறது. குலோத்துங்கன் அதை எப்படிக் கேட்டிருப்பான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. உண்டு முடித்த பேய்கள் குதிரைக்காதை வெற்றிலைச் சுருளாகவும், குளம்புப் பிளவைப் பாக்காகவும், வீரர் விழியின் வெண்மையைச் சுண்ணாம்பாகவும் கொண்டு தாம்பூலம் போட்டு, அரசனை வாழ்த்துகின்றன. வாழ்த்தோடு நூல் முடிகிறது. வாழ்த்திய வாயின் சிவப்பும் அவன் காதில் விழுந்திருக்கும்.

ஆடி பிறந்தால் ஆரணியாற்றங்கரை வேறாகிவிடும். பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாலையில் வேன்களும் மாட்டுவண்டிகளும் டிராக்டர்களும் நிற்காமல் போகும். ஊருக்குள் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். முதல்நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, பெரிய அண்டாக்களில் கொண்டுவந்து வைப்பார்கள். சின்ன வெங்காயம், மாங்காய்த்துண்டு, கருவாட்டுக்குழம்பு, முருங்கைக்கீரை. படையல் முடிந்ததும் வரிசை. கைப்பிடித்து அழைத்துவரப்பட்ட கண் தெரியாத பெரியவர், வயிற்றுப்பிள்ளைக்காரி, இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்து நிற்கும் ஒடிசா இளைஞர்கள், பொத்தல் பாத்திரம் கொண்டுவந்து சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்ட சிறுவன். யார் என்ன என்று கேட்காமல் அகப்பை போய்க்கொண்டிருக்கும்.

பரணியின் பந்தியில் நான் இன்னும் சொல்லாத பேய் ஒன்று இருக்கிறது. இரவில் கனாக்கண்ட பேய். அதற்கு இன்றைக்கு வார்த்தால் மட்டும் போதாது, நாளைக்கும் வேண்டுமென்று குதிரைத்தோல் பையில் கூழைக் கட்டிக்கொடுங்கள் என்கிறார்கள் பரிமாறும் பேய்கள். போன ஆடியில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் சொம்பில் வாங்கிக் குடித்துவிட்டு, தூக்குவாளியை நீட்டினாள். "வீட்ல புள்ள தூங்குதுக்கா, எழுந்தா அழும்" என்றாள். வார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தூக்குவாளி விளிம்பு வரைக்கும் ஊற்றி, மூடியையும் அழுத்திக் கொடுத்தார்.